பேத்தி வாங்கிய 82 மார்க்கும், அப்பத்தா படித்த குளமும்!

ஐப்பசி மாதத்து விடிகாலை. புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி, போர்வைக்குள் இருந்தபடியே செல்போனைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்துகிறாள். "அப்பத்தா... நைட்டு 38 மில்லி மீட்டர் மழையாம்!"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் போகிறார். வெட்டவெளியில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழிக்குள் கையை விட்டுப் பார்க்கிறார். திரும்பி வந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி சொல்கிறார். "ஆறு வெரக்கடை நிக்கிது. நல்ல மழைதான். ஆனா, கொளத்துக்குத் தண்ணி வந்திருக்காது."

"அது எப்படி வீட்டுல இருந்தே சொல்ற?"

"இம்புட்டு மழை பேஞ்சா, கொளத்துப் பக்கமிருந்து தவளச் சத்தம் காதப் பொளக்கணும். கேக்குதா ஒனக்கு?"

பேத்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். பக்கத்து வீட்டு டி.வி சத்தம் கேட்கிறது. பால்கார வண்டியின் ஹாரன் கேட்கிறது. தவளைச் சத்தம் மட்டும் இல்லை.

இந்தப் பேத்தி படிக்காத பெண் அல்ல. முதலாம் ஆண்டில் 'சுற்றுச்சூழல் கல்வி' தாளில் 82 மார்க். ஓசோன் படலம், பசுமை இல்ல வாயு, உணவுச் சங்கிலி எல்லாம் மனப்பாடம். மழைநீர் சேகரிப்பு பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியவள். ஆனால், தன் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை.

அப்பத்தாவோ முப்பத்தைந்து வயது வரை கைநாட்டு.

1991-ல்தான் அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்போது அறிவொளி இயக்கம் அலையாக அடித்த காலம். மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சாயங்காலமானால் தெருவிளக்கின் அடியில், கோயில் திண்ணையில், கல்குவாரிக்குப் பக்கத்தில் எல்லாம் வகுப்பு. எழுத்தோடு இன்னொன்றையும் அந்த இயக்கம் பெண்களின் கையில் கொடுத்தது... சைக்கிள்! லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்காததால், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை இடம்பெற்ற அவரது புத்தகம் 1996-ல் வெளிவந்த பிறகு, புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அப்பத்தா சைக்கிள் பழகியதற்குக் காரணம் விடுதலை உணர்வெல்லாம் இல்லை. கேரியரில் ஒரு குடம், ஹேண்டில்பாரில் ஒரு குடம் மாட்டலாம். இடுப்பு நோகாது. அவ்வளவுதான். (மாமியாருக்குத் தெரியாமல் பழகினார் என்பதைச் சொல்லும்போது மட்டும் இப்போதும் ஒரு சிரிப்பு வருகிறது.)

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அப்பத்தா 'அ' எழுதப் பழகிய அதே 1991-ல்தான், நவம்பர் 22-ம் தேதி, எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பதுதான் அது. பேத்தி எழுதிய அந்த 82 மார்க் பேப்பருக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1992-ல், அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஓர் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'சூழல் எழுத்தறிவு' என்ற சொல்லைப் பலரும் கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான். எழுதப் படிக்கத் தெரிவதுபோல, தான் வாழும் இடத்தின் மண்ணையும் நீரையும் உயிர்களையும் 'வாசிக்கத்' தெரிவதும் ஓர் எழுத்தறிவு என்பது அதன் சாரம். புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அதே 1992-ல்தான்.

அதாவது, ஒரு எழுத்தறிவு ஊருக்குள் வந்த வருடத்தில்தான் இன்னொரு எழுத்தறிவுக்குப் பெயரே கிடைத்தது. பெயர் கிடைப்பதற்கு முன்பே அது புதுக்கோட்டைப் பெண்களிடம் இருந்தது. யாரும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை.

அப்பத்தாவுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? குடம்தான் கற்றுக்கொடுத்தது.

ஊருணியில் தினமும் மூன்று நடை தண்ணீர் எடுத்தவர் அவர். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். குடிக்கிற ஊருணியில் கால் கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அதற்கெல்லாம் வேறு குளம். மாடு குளிப்பாட்ட இன்னொரு குட்டை. புது மழைத் தண்ணீர் வந்தால் கலங்கி இருக்கும். இரண்டு, மூன்று நாள் தெளியவிட்டுத்தான் குடத்தை அமிழ்த்துவார்கள். அவசரமென்றால், குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து ஊற்றி வைப்பார்கள். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவார்கள். எந்தப் பக்கம் அல்லி படர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் பாசி பிடிக்கிறது, எத்தனையாவது படி தெரிந்தால் சித்திரை வரை தாங்கும் என்பதெல்லாம் கணக்கு. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தினமும் தொட்ட பொருள் தானாகக் கற்றுக்கொடுத்தது.

ஆட்டுக்கல்லும் அப்படித்தான். மாவாட்டுவதற்காக வாசலில் கிடந்த கல், மழை பெய்தால் மழைமானி. குழியில் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பதைப் பார்த்து, ஏர் பூட்டலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்க ஆரம்பித்த பிறகு, தெருவில் பாதிப் பேர் ஆட்டுக்கல்லைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அப்பத்தாவும் கிரைண்டருக்குத்தான் மாறினார். "யாரு ஒக்காந்து ஆட்டுறது? கை என்னத்துக்காகும்!" ஆனால், கல்லை விற்க விடவில்லை. ஒருமுறை மகன் அதைத் தூக்கி வேப்பமரத்தின் அடியில் போட்டபோது, ஆள் வைத்துத் திரும்ப வெட்டவெளிக்கே கொண்டுவந்தார். மரத்துக்குக் கீழே போட்டால் இலையில் சொட்டுகிற தண்ணீரும் சேர்ந்து கணக்கு தப்பிவிடுமாம். மழைமானியை மரத்துக்கும் சுவருக்கும் தள்ளித் திறந்தவெளியில் வைக்க வேண்டும் என்பது வானிலை ஆய்வுத் துறையின் விதி. அப்பத்தா அந்த விதியைப் படித்ததில்லை.

டெங்கு தடுப்புப் பணிக்கு வருகிற அக்கா மட்டும் ஒவ்வொரு வருடமும் சண்டை போடுவார். "ஆயா, தண்ணி தேங்கவிடாதீங்க. கொசுப்புழு வரும்!" அதற்கும் அப்பத்தாவிடம் பதில் உண்டு. தினமும் காலையில் கொட்டாங்குச்சியால் அள்ளிக் கொட்டித் துடைத்துவிடுவார். இல்லையென்றால் நேற்றைய மழையும் இன்றைய மழையும் கலந்துவிடுமே!

இதையெல்லாம் கேட்டதும், 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஊருணியில் தண்ணீர் சுமந்தது ஊர் அல்ல, ஊரில் இருந்த பெண்கள். கர்ப்பமாக இருந்தாலும் காய்ச்சலாக இருந்தாலும் மூன்று நடை. குளம், குட்டைத் தண்ணீரால் வந்த நோய்கள் கொஞ்சநஞ்சமல்ல. நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததே 2000-ல்தான். அதைவிட முக்கியமான ஒன்று: எல்லாப் படித்துறையிலும் எல்லோரும் இறங்க முடிந்ததில்லை. தண்ணீரிலும் சாதி பார்க்கும் புத்தி இன்னும் போய்விடவில்லையோ என்ற கேள்வியை, 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி நாடு முழுக்க எழுப்பியது. குழாய் வந்தது நல்லதுதான். அப்பத்தாவிடம் கேட்டால், "கொழாயத் தொறந்தா தண்ணி வருதுல்ல... அந்தச் சொகத்த நீங்க அனுபவிங்க" என்றுதான் சொல்வார்.

ஆனால், குழாயோடு இன்னொன்றும் நடந்தது. மேல்நிலைத் தொட்டி வந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது. கடைசியில் 20 லிட்டர் கேனும் வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியம் வீட்டை விட்டுப் போய்விட்டது. மருமகள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வீட்டு வாசலில் குழாய் இருந்தது. ஊருணிக்கு அவர் போனது பொங்கலுக்குச் சுள்ளி பொறுக்க ஒரு தடவை, மொளப்பாரி கரைக்க ஒரு தடவை. பேத்தி அதுகூடப் போனதில்லை. மூன்று பெண்கள், ஒரே வீடு, ஒரே குளம். ஒருவருக்கு அது பாடப்புத்தகம், அடுத்தவருக்குக் கோயில் காரியம், மூன்றாமவருக்கு பஸ்ஸில் போகும்போது தெரியும் முள்ளுக்காடு.

பஸ் என்றதும் ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் வந்த பிறகு, அப்பத்தா மாதம் ஒருமுறையாவது புதுக்கோட்டைக்குப் போய்விடுகிறார். ஜன்னலோர சீட்தான் வேண்டும். பேத்தி ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு நேரலை வர்ணனை ஓடும். "இந்தக் கம்மாயில கலிங்கு ஒடஞ்சு கெடக்கு... அந்தா, அந்தக் கரையில மண்ணு அள்ளிட்டானுங்க... இங்கிட்டு எல்லாம் பலா மரமா இருந்துச்சு." முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பேத்திக்குக் கூச்சமாக இருக்கும்.

கஜா புயல் வந்தபோது பேத்தி எட்டாம் வகுப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், தஞ்சாவூர், திருவாரூர் தாண்டி ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இவர்களுடைய இரண்டு ஏக்கர் தோப்பில் 140 தென்னை. விடிந்து பார்த்தால் நின்றவை பதினெட்டு.

அதற்கடுத்த வாரங்களில்தான் குழாயின் மறுபக்கம் தெரிந்தது. கரன்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. கரன்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை. பல ஊர்களில் வாரக்கணக்கில் இதே கதை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். அடிபம்பு முன்னால் பாத்திரங்கள் வரிசை கட்டின. மூன்றாம் நாள், அப்பத்தா பரணில் கிடந்த பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார். வெறும் குடத்தோடு திரும்பி வந்தார். தண்ணீர் கிடந்தது. ஆனால், படித்துறை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம். மிச்ச இடத்தில் காட்டாமணக்கு. அதற்குள் கோழிக் கழிவு மூட்டை. "நாம வரலைன்னதும் அதுவும் நம்மள மறந்துருச்சு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, குடத்தைத் திரும்பவும் பரணில் ஏற்றிவிட்டார்.

அந்த அடிதான் இந்தப் பகுதியின் இளைஞர்களை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். 2019 கோடையில் கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரத்திலும், பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணியிலும் இளைஞர்கள் சொந்தக் காசைப் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் வசூலித்து, ஜே.சி.பி பிடித்து ஏரி, குளங்களைத் தூர் வாரினார்கள். சென்னை குடிநீருக்குத் தவித்த அதே கோடை அது. இவர்கள் ஊரிலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்தது. முள் வெட்டி, மண் எடுத்துக் கரை போட்டார்கள். பேத்தியும் அன்றைக்குச் செல்ஃபி எடுத்தாள்.

குளம் ஆழமாகிவிட்டது. ஆனால், அதற்குப் பிறகும் சரியாக நிரம்பவில்லை.

தூர் வாரினால் போட்டோ எடுக்கலாம். ஊருக்குள் பேசிக்கொள்ள ஒரு விஷயம் இருக்கும். வரத்துவாரியைச் சுத்தம் செய்வது அப்படிப்பட்ட வேலை இல்லை. குளத்துக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் அந்த வாய்க்கால் ஒன்றரை கிலோ மீட்டர் வளைந்து நெளிந்து போகும். யாருடைய வேலிக்குள் புகுந்து, எந்த ரோட்டைத் தாண்டி வருகிறது என்று தெரிந்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கும் அது தெரிந்ததற்குக் காரணம், ஆடு மேய்த்ததும் நூறு நாள் வேலைக்குப் போனதும்தான்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் வட்டாரங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிகாலையிலேயே சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரையில் கூட்டம் குவிந்துவிடும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும், ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் சேற்றில். விரால், கெளுத்தி, குரவை, கட்லா என்று கையில் கிடைத்தது அவரவருக்கு. சேறு கலங்கினால் மீன் மேலே வரும், விரால் கரையோரப் பொந்தில் பதுங்கும், தண்ணீர் இடுப்புக்குக் கீழே போனால்தான் ஊத்தா போட முடியும் என்று பத்து வயசுப் பையன் சொல்வான். மீன் குழம்பு ஆசையில் கற்ற கல்வி அது. கண்மாயில் இறங்க ஒரு காரணம் இருக்கும் ஊரில், கண்மாயைப் பற்றித் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அன்னவாசல் பக்கத்திலேயே இருக்கும் சித்தன்னவாசல் குகையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓவியம் ஒன்று உண்டு. தாமரைக் குளம், அதில் மீன்கள், அன்னங்கள், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். வரைந்தவர் கட்டாயம் ஏதோ ஒரு குளத்தில் இறங்கி நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே பறவை என்பது பரீட்சைக்கான பாடம் இல்லை, பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்ற கேள்வி.

இனி இந்த வீட்டுக்குள் ஒரு வருடமாக ஓடும் சண்டைக்கு வரலாம்.

கஜாவில் தென்னை போன இரண்டு ஏக்கர், இன்னும் பாதி தரிசாகக் கிடக்கிறது. பேத்தியின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய முடிவு, தைல மரம். இந்தப் பக்கத்தில் 'ஆர்.எஸ்.பதி' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். "தண்ணி பாய்ச்ச வேணாம், ஆளு வேணாம், ஆடு மாடு கடிக்காது. அஞ்சாறு வருசத்துல வெட்டிக் காசாக்கலாம். பாப்பா கல்யாணத்துக்கு ஆகும்" என்பது அவர் கணக்கு. அது தப்பான கணக்கு இல்லை. புதுத் தென்னை காய்க்கும் வரை காத்திருக்கவும், போர் போடவும் அவரிடம் பணமில்லை.

அப்பத்தா முடியவே முடியாது என்கிறார். "அதுக்குக் கீழ ஒரு புல்லு மொளைக்கிதா பாரு. ஆடு மேயாத மரம் என்னடா மரம்?" புதுக்கோட்டையில் இது பழைய வழக்கு. காகித ஆலைகளுக்கு மரக்கூழ் தருவதற்காக, தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் பெரிய பரப்பில் தைல மரக் காடுகளை வளர்த்துவருகிறது. அங்கே வெட்டப்படும் குழிகளும் வரப்புகளும் மழைநீரைத் தடுத்துவிடுவதால், கீழே இருக்கும் கண்மாய்களுக்கு வரத்து குறைந்துவிட்டது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். வேகமாக வளரும் மரம், வேகமாகவே தண்ணீரும் குடிக்கும். அப்பத்தாவின் பயம் இன்னும் குறிப்பானது. இவர்களின் தரிசு நிலம் மேட்டில் இருக்கிறது. அங்கு விழும் மழை வழிந்து வரத்துவாரியில்தான் சேரும். அங்கே வரப்பு போட்டுக் குழி வெட்டினால், குளத்துக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கை இந்த வீடே நிறுத்திவிட்டதாக ஆகும்.

"ஊருல இருக்கிறவன் எல்லாம் நட்டுட்டான். நம்ம ரெண்டு ஏக்கர்லதான் கொளம் நிக்கிதா?" என்பார் மகன். இரண்டு பேரும் பேத்தியைப் பார்ப்பார்கள். 82 மார்க் வாங்கியவள் ஆயிற்றே! அவளுக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாது. யூகலிப்டஸ் பற்றிப் பாடத்தில் ஒரு பத்தி இருந்தது. அப்பாவின் கடன் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஆட்டுக்கல்லில் ஆறு விரற்கடை நின்ற அந்தக் காலையில், "வா, எங்க நிக்கிதுன்னு பாத்துட்டு வருவோம்" என்று மண்வெட்டியை எடுத்தது அப்பத்தாதான். பேத்தி ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு அப்பத்தா வழி சொல்ல, வண்டி தோப்புகளுக்கு ஊடே போனது. பிறகு வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஒன்றரை கிலோ மீட்டரையும் கீழிருந்து மேலாக. பேத்தி தன் ஊரை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. தான் தினமும் பஸ் ஏறும் ரோடு, ஒரு தண்ணீர் வழிக்குக் குறுக்கே போடப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ரோட்டுக்கு அடியில் இருந்த சிறு பாலத்தில்தான் தண்ணீர் நின்றது. மேற்பக்கம் முழங்கால் அளவுக்குச் செந்நிறத் தண்ணீர். இந்தப் பக்கம் சொட்டுகூட இல்லை. குழாயின் வாயை எதுவோ அடைத்திருந்தது. அப்பத்தா மண்வெட்டியால் இழுத்தார். வந்தது மண் அல்ல... கப்பு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப். ஒன்றுக்குள் ஒன்று செருகி, மண்ணோடு இறுகி, கட்டி கட்டியாக. கூடவே தண்ணீர் பாட்டில்கள், வாழை இலை போலவே இருக்கும் பிளாஸ்டிக் இலைகள், தாம்பூலப் பைகள். பேத்தி ஒரு பையை விரித்துப் பார்த்தாள். மண்ணைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. 'மொய் விருந்து' என்று போட்டு, கீழே ஏழு பெயர்கள். மூன்றாவது பெயர் அவள் அப்பாவுடையது.

ஆடியில் நடந்த விருந்து அது. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு மொய் விருந்து பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் முறை வரும். பல வீடுகள் சேர்ந்து கிடா வெட்டிச் சோறு போடும். இதுவரை செய்த மொய் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும். வட்டியில்லாத வங்கி மாதிரி. இவர்கள் ஏழு வீடு சேர்ந்து வைத்த விருந்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலையை எல்லாம் டிராக்டரில் அள்ளி, வழக்கம்போல மேட்டுப் பள்ளத்தில் கொட்டினார்கள். வழக்கம்போல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். அப்பத்தாவின் கல்யாணத்துக்கும் அதே பள்ளத்தில்தான் கொட்டினார்கள். அன்றைக்கு வாழை இலையும் பூவரச இலைத் தொன்னையும். மாடு தின்றது போக மிச்சம் ஒரே மாதத்தில் மண்ணாகிவிட்டது. கொட்டும் பழக்கம் மாறவில்லை, கொட்டும் பொருள் மாறிவிட்டது. பிளாஸ்டிக் கப்புக்கும் பிளாஸ்டிக் பூசிய கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அந்த விருந்தில் தாம்பூலம் கொடுத்த பையின் நிறம்கூட மஞ்சள்தான். துணி அல்ல, அவ்வளவுதான்!

அப்பத்தா எதுவும் பேசவில்லை. அவரும்தானே அந்த விருந்தில் வாசலில் நின்று எல்லோரையும் "வாங்க, சாப்பிடுங்க" என்று அழைத்தவர். இருவரும் ஒரு மணி நேரம் இழுத்துப் போட்டார்கள். ரோட்டில் போன இரண்டு பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தார்கள். கடைசிக் கட்டி வந்ததும், உள்ளே இருந்து ஒரு முனகல். பிறகு தண்ணீர் பிய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. பேத்தி வீடியோ எடுக்கப் போனை எடுத்தாள். கை முழுக்கச் சேறு. திரும்பப் பையிலேயே போட்டுவிட்டாள்.

தண்ணீரோடு கூடவே நடந்து வந்தார்கள். தண்ணீர் நடக்கும் வேகத்திலேயே. வழியில், தங்கள் மேட்டு நிலத்தின் ஓரமாக அது ஒரு வளைவு திரும்பியது. அந்த இடத்தில் இன்னொரு சிறு ஓடை வந்து சேர்ந்தது. "இதுதான் நம்ம கொல்லத் தண்ணி" என்றார் அப்பத்தா.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும், பேத்தி அந்தத் தாம்பூலப் பையைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சமையல்காரருதான் ஆள் வெச்சுக் கொட்டுனது" என்றார். பிறகு, "நாளைக்கு ஆட்டோவ எடுத்துட்டுப் போயி மிச்சத்த அள்ளிட்டு வந்துர்றேன்" என்றார். தைல மரக் கன்றுக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரசீது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. மருமகள் மட்டும், "அத்தே, அந்த வளைவு வரைக்கும் விட்டுட்டு மேல பாதியில நடலாமான்னு கேளுங்க" என்று அடுப்படியிலிருந்து சொன்னார். அவர் அதுவரை இந்த விஷயத்தில் வாய் திறந்ததே இல்லை.

ராத்திரி மறுபடியும் மழை. பத்தரை மணிக்குக் கரன்ட் போனது. டி.வி அணைந்து, ஃபேன் நின்று, ஊர் அடங்கியதும் வடக்கிலிருந்து மெதுவாக ஆரம்பித்தது தவளைச் சத்தம். முதலில் ஒன்று, இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

காலையில் அப்பத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போனபோது, பேத்தி ஏற்கெனவே ஆட்டுக்கல் பக்கத்தில் குந்தியிருந்தாள். குழிக்குள் விரல்களை வைத்து எண்ணிவிட்டு, கொட்டாங்குச்சியால் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டுத்தா?"

"நாலு வெரக்கடை."

"யாரு வெரலு? ஒன் வெரலா, ஏன் வெரலா?"